தைத்துக் கட்டிய கப்பல்

ரவிக்கை தைத்திருப்பீர்கள். தலையணை உறை தைத்திருப்பீர்கள். கை தேர்ந்தவர்கள் குழந்தைக்குக் கவுனும் கணவருக்குப் பைஜாமாவும்கூடத் தைத்திருப்பீர்கள். ஆனால், கப்பல் தைத்தது உண்டா?

சிரிக்க வேண்டாம். சில மாதங்களுக்கு முன் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். இன்று என் வலது கைக் கட்டைவிரலில் ஒரு சிறு தழும்பு இருக்கிறது. செம்புக் கம்பி கிழித்த தழும்பு. கப்பல் தைக்கும்போது பட்ட காயம் என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை. நீங்களாவது நம்புங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காக லண்டன் போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"அவ்வளவு தூரம் போயிருக்கிறாயே, இன்னும் ஐந்து மணி நேரம் ரெயிலில் போனால் என்ன? நம் பெண்ணைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கும் நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டு வா. வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று சேர்த்த காசில் கை வைத்து, பலகை வாங்கிப் போட்டிருக்கிறாராம். பாய்க்கப்பல் கட்டுகிறாராம்! மதுரைக்காரர். வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தவிர வேறு என்ன தண்ணீரைப் பார்த்திருப்பார்? நான் மாமியார். நான் சொன்னால் விபரீதமாகிவிடும். நீ சொன்னால் தோஷமில்லை."

அக்கா சொல்லி நான் தட்டியதில்லை. பாடிங்டன் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ரெயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மாப்பிள்ளையிடம் பேச வேண்டிய பிரசங்கத்தை மனத்துக்குள் தயார் செய்ய ஆரம்பித்தேன்.

அந்த ரெயில் பாதையை நீங்கள் பார்க்க வேண்டும். எக்ஸெட்டர் நகரம் தாண்டியதும் தண்டவாளம் நேரே கடற்கரைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் செம்மண் நிறத்தில் செங்குத்தான பாறை. மறுபக்கம் ஒரு கற்சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் கடல்! டாலிஷ் என்ற ஊரில் 2014 பிப்ரவரியில் அடித்த புயல், சுவரை உடைத்து, தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் நூல் ஏணிபோல் அந்தரத்தில் தொங்கியதாம். சரிசெய்து மறுபடி ரெயில் விட இரண்டு மாதம் ஆயிற்று. இதைப் பக்கத்து ஸீட்டுக்காரர் சாவதானமாகச் சொல்லிவிட்டு ஸாண்ட்விச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. 'ரெயிலையே விட்டு வைக்காத கடல், வீட்டில் செய்த படகையா விட்டு வைக்கும்?' என்று என் பிரசங்கத்தில் ஒரு வரி சேர்ந்தது.

பிளிமத் நகரை விட்டதும் டேமர் நதி. அதன்மேல் புருனெல் என்ற எஞ்சினியர் கட்டி 1859-ல் திறந்த இரும்புப் பாலம். அதைக் கடந்தால் கார்ன்வால். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை அது. வரைபடத்தில் பார்த்தால், கடலுக்குள் நீட்டிய கால்விரல்போல் இருக்கும். ட்ரூரோவில் இறங்கிச் சின்ன ரெயிலில் ஏறினால் பென்ரின் என்ற ஊர். அக்கா மகள் ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். ட்ரூரோ ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை.

"வாங்க சித்தி! அம்மா அனுப்பினாங்களா?" என்றாள், என் பெட்டியை வாங்கிக்கொண்டே.

"இல்லையே, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன். இரண்டு பேருக்குமே அது பொய் என்று தெரியும்.

*

வீட்டு வாசலில் கார் நிற்கும் கொட்டகை. அதன் கதவைத் திறந்தே வைத்து, வெளியே நீண்டிருந்த ஏதோ ஒன்றின்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். கொட்டகையைவிடக் கப்பல் நீளம்! உள்ளே மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு, சமையல் அறைத் தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சித்தி, ஒரு நிமிஷம். இதை விட்டால் இறுகிவிடும்" என்றார்.

நான் என் பிரசங்கத்தை ஆரம்பிக்கத் தொண்டையைக் கனைத்தேன். அக்கா மகள் முந்திக்கொண்டாள்.

"சித்தி, நீங்க அவரைத் திட்டப் போறீங்கன்னு தெரியும். ஆனா படகு அவருடையது இல்லை. என்னுடையது. பிளான் வாங்கினது நான். பலகை வாங்கினது நான். அவர் எனக்கு எடுபிடி. அம்மாகிட்டே சொல்லத் தைரியம் வரலை."

என் பிரசங்கம் முழுவதும் ஆண்பாலில் தயாராகி இருந்தது. அதை அப்படியே விழுங்க வேண்டியதாயிற்று. காபி சாப்பிட்டுவிட்டு, "சரி, காட்டு" என்றேன்.

இனி நீங்களும் என்னோடு அந்தக் கொட்டகைக்குள் வாருங்கள். குளிர் அதிகம். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் கட்டுவது இரட்டைப் படகு. ஒல்லியான இரண்டு ஓடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குறுக்கே மரங்களை வைத்து இணைத்தால் ஒரு படகு. ஆங்கிலத்தில் அதற்குக் 'காட்டமரான்' என்று பெயர். அது நம் கட்டுமரம்தான்! 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கில மாலுமிகள், நம் மீனவர்கள் மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போவதைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதி வைத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர் இரட்டைப் படகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் படகின் வகைக்கு 'டிக்கி 21' என்று பெயர். 21 அடி நீளம், அதாவது 6.4 மீட்டர். அடிப்பாகத்தை வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்துப் போல் இருக்கும். ஒவ்வொரு ஓடத்துக்குள்ளும் ஒருவர் படுக்கிற அளவுக்கு ஓர் அறை. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சின்னக் காரின் எடையில் பாதிகூட வராது. அதனால்தான் வேகம். சாதாரணப் பாய்க்கப்பல் காற்றில் சாயாமல் இருப்பதற்காக அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமக்கிறது. இரட்டைப் படகுக்கு அந்தச் சுமை வேண்டாம். இரண்டு காலையும் அகல வைத்து நிற்பவரைத் தள்ளுவது கஷ்டம் அல்லவா? அதே நியாயம். ஓடங்கள் ஒல்லி என்பதால், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகாமல் கிழித்துக்கொண்டு போகின்றன. 1876-ல் அமெரிக்காவில் ஹெரெஷாஃப் என்பவர் தம் இரட்டைப் படகைப் பந்தயத்தில் விட்டு ஜெயித்தார். 'இது சரியான படகே இல்லை' என்று மற்றவர்கள் ஆட்சேபிக்க, அவரைப் பந்தயக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்களாம்!

கட்டும் முறையைக் கேளுங்கள். கடைகளில் பிளைவுட் 8 அடிக்கு 4 அடியாகக் கிடைக்கிறது. தண்ணீருக்கென்றே செய்த உயர்ந்த ரகம், கொதிநீரிலும் அடுக்கு பிரியாத பசை போட்டு ஒட்டியது. கடைக்காரர் சொன்னதை அக்கா மகள் அப்படியே நம்பிவிடவில்லை. ஒரு துண்டு வெட்டி, பாத்திரத்தில் போட்டு வேக வைத்துப் பார்த்தாளாம். "பருப்புகூட அவ்வளவு நேரம் வேக வச்சதில்லை, சித்தி. இதழ் பிரியவே இல்லை" என்றாள்.

பலகைகளை நீளவாட்டில் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் பிளானில் கொடுத்துள்ள அளவுப்படி புள்ளிகள் வைக்க வேண்டும். புள்ளி வைத்தபின், வளையும் மெல்லிய மரச் சட்டம் ஒன்றைப் புள்ளிகளை ஒட்டி வளைத்து நிறுத்திக் கோடு இழுக்க வேண்டும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வித்தையா? கோட்டின்மேல் அறுத்துவிட்டால், ரவிக்கைக்கு வெட்டிய துணிபோல் படகின் இரண்டு பக்கங்களும் தரையில் கிடக்கும்.

அப்புறம்தான் தையல். இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடி ஓரத்தில் சில அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியை நுழைத்து முறுக்குகிறார்கள். முறுக்கி முடித்துவிட்டுப் புஸ்தகத்தைப் பிரிப்பதுபோல் மேல் ஓரத்தை விரித்தால், சற்று முன்வரை தட்டையாகக் கிடந்த பலகை, வளைந்து, மூக்கு எழும்பிப் படகாகிவிடுகிறது! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஓடத்தை அப்படி விரித்தார்கள். பலகை லேசாக முனகியது. எனக்கு மெய் சிலிர்த்தது என்று சொன்னால் மிகையில்லை.

தைத்தபின் உள்பக்கத் தையலின்மேல் பசை பூசவேண்டும். எபாக்ஸி என்ற பசை அது. இரண்டு திரவங்களை நிறுத்துக் கலக்க வேண்டும். சமையல் தராசு அதற்குத்தான். அளவு தப்பினால் இறுகவே இறுகாது. ஒரேயடியாக நிறையக் கலக்கினாலோ சூடேறிப் புகையவே ஆரம்பித்துவிடும். குளிரிலும் சரியாக இறுகாது. ஆகையால் வீட்டில் இருந்த மின்சாரக் கம்பளியைப் படகு போர்த்திக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிறார்! அந்தப் பசையில் ஒரு தூளைக் கலந்து கெட்டியாக்கி, மூலையில் நிரப்பி, உருண்டை நுனிக் குச்சியால் வழித்து விடுகிறார்கள். மாப்பிள்ளை கலக்கியது வழிந்து ஓடியது.

"தோசை மாவு மாதிரி இருக்கிறதே, மாப்பிள்ளை. நிற்க வேண்டாமா? உளுந்துவடை மாவுப் பதத்துக்குக் கொண்டு வாருங்கள்" என்றேன்.

தூள் சேர்த்துக் கலக்கினார். நின்றது. புத்தி சொல்ல வந்தவள், பதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

அதன்மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, வெளியே நீட்டும் கம்பியை நறுக்கிவிட்டால், அந்த மூட்டு பலகையைவிட உறுதி. ஆணி வேண்டாம். பெரிய பட்டறை வேண்டாம். பரம்பரைத் தச்சராக இருக்க வேண்டாம். இந்தத் தையல் முறையை வைத்து 1963-ல் இங்கிலாந்தில் 'மிரர்' என்ற சிறு படகு வந்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டெலிவிஷனில் வீட்டு வேலைகள் சொல்லிக் கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னெல்லும் சேர்ந்து செய்தது. ஒரு பத்திரிகையின் ஆதரவில், வெட்டிய பலகைகளைப் பெட்டியில் போட்டு 63 பவுன் 11 ஷில்லிங்குக்கு விற்றார்கள். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த பாய்ப்படகு, சாதாரணக் குடும்பங்களின் கொல்லைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மிரர் படகுகள் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன.

*

மறுநாள் அக்கா மகளுக்கு லீவு. "இந்தப் படகு பிறந்த ஊரைக் காட்டறேன், வாங்க" என்று காரில் அழைத்துப்போனாள். கால் மணி நேரத்தில் டெவோரன்.

சின்ன ஊர். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துச் சுரங்கங்களின் செம்புத் தாதுவையெல்லாம் ரெயிலில் கொண்டுவந்து கப்பலேற்றிய துறை அது. ரெயில் 1915-லேயே நின்றுவிட்டது. கருங்கல் துறைமேடை மட்டும் மிச்சம். நாங்கள் போன சமயம் தண்ணீர் வற்றியிருந்தது. கழி முழுவதும் பளபளவென்று சேறு. அதில் நாரைபோல் நீண்ட காலுள்ள பறவைகள் நடந்துகொண்டிருந்தன. ஆறு மணி நேரம் கழித்து வந்தால், இதே இடத்தில் ஆள் முழுகும் தண்ணீர் நிற்குமாம். இந்த ஊரில்தான் ஜேம்ஸ் வாரம் என்பவர் பல ஆண்டுகள் இருந்து, வீட்டில் கட்டிக்கொள்ளும் இரட்டைப் படகுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுத்தார்.

வாரத்தின் கதை சுவையானது. 1928-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். எரிக் தெ பிஷோப் என்ற பிரெஞ்சுக்காரர், 1937-ல் ஹவாய்த் தீவிலிருந்து இரட்டை ஓடத்தில் கிளம்பி மறு ஆண்டு பிரான்ஸ் வந்து சேர்ந்த கதையைப் படித்தார். பசிபிக் தீவுவாசிகள் ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டியது இப்படிப்பட்ட இரட்டை ஓடங்களில்தான் என்ற எண்ணம் மனத்தில் உறுதிப்பட்டது. மியூசியங்களில் அந்த ஓடங்களின் விவரங்களைத் தேடிப் படித்தார். கையில் காசு இல்லை. அந்தக் காலத்துக் கப்பல் நிபுணர்கள், இரட்டைப் படகு சமுத்திரத்தைத் தாங்காது என்றார்கள். அவர் 23½ அடியில் 'டங்கரோவா' என்ற இரட்டைப் படகைத் தாமே கட்டினார். 1955-ல் கிளம்பி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ட்ரினிடாட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

தனியாக அல்ல. கூடவே போனவர்கள் இரண்டு ஜெர்மன் பெண்கள். ரூத், யுட்டா என்று பெயர். இருவரும் வெறும் பிரயாணிகள் இல்லை. பாய் ஏற்றியவர்கள், இரவு விழித்துக் காவல் இருந்தவர்கள், படகைச் செலுத்தியவர்கள். ட்ரினிடாடில் யுட்டாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அங்கேயே 40 அடியில் 'ரோங்கோ' என்ற பெரிய படகைக் கட்டினார்கள். 1959-ல் நியூயார்க் வழியாக, சீற்றம் மிகுந்த வட அட்லாண்டிக்கைக் கடந்து ஊர் திரும்பினார்கள். இரட்டைப் படகு அந்தத் திசையில் வட அட்லாண்டிக்கைக் கடந்தது அதுவே முதல் தடவை. பின்பு வாரம் எழுதிய புஸ்தகத்துக்கு 'இரண்டு பெண்கள், இரண்டு காட்டமரான்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

1960-களின் நடுவிலிருந்து பிளான் விற்க ஆரம்பித்தார். ஹன்னெக்கே பூன் என்ற டச்சுப் பெண்மணி 1970-களில் வந்து சேர்ந்து உடன் வடிவமைப்பாளர் ஆனார். அக்கா மகள் வாங்கிய பிளானில் உள்ள படங்கள் அந்த அம்மாள் கையால் வரைந்தவை. எந்தப் பலகையை எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே முழங்காலை ஊன்ற வேண்டும் என்பதுகூடப் படத்தில் இருக்கிறது. சமையல் புஸ்தகத்தில் 'தேவையான அளவு உப்பு' என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்களே, அந்தப் பேச்சே கிடையாது. இதுவரை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிளான்கள் விற்றிருக்கின்றன. வாரம் 2021 டிசம்பரில், 93-ஆம் வயதில் காலமானார்.

டிக்கி 21 அவர்கள் இருவரும் 1980-களின் தொடக்கத்தில் போட்ட வடிவம். ரோரி மக்டூகல் என்ற இளைஞர் அப்படி ஒரு படகைத் தாமே கட்டி, 1991-ல் கிளம்பி 1997-ல் உலகைச் சுற்றி முடித்தார். 21 அடிப் படகில்!

"எல்லாம் சரி. நீயும் உலகம் சுற்றப் போகிறாயா?" என்றேன், பயத்தோடு.

"இல்லை சித்தி." சேற்றையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "2020-ல் வார்டில் எப்படி இருந்ததுன்னு அம்மாகிட்டே நான் சொன்னதே இல்லை. நைட் டியூட்டி முடிஞ்சா வீட்டுக்குப் போகப் பிடிக்காது. ஃபால்மத் துறையில் வந்து உட்காருவேன். ஒரு வயசான அம்மா தனியா ஒரு இரட்டைப் படகிலே போய் வருவாங்க. ஒரு நாள் 'எங்கே வாங்கினீங்க'ன்னு கேட்டேன். 'வாங்கலை, தைச்சேன்'னாங்க. அன்னிக்கு ராத்திரிதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்."

வாசகர்களே, நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

*

அந்த வயசான அம்மாளை மறுநாளே பார்த்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நரைத்த தலை, வெயிலில் பழுத்த முகம். "வாருங்கள், ஒரு சுற்றுப் போகலாம்" என்றார். அக்கா மகள் எனக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டாள். இஷ்ட தெய்வங்களையெல்லாம் ஒரு முறை கூப்பிட்டுவிட்டு ஏறினேன்.

ஃபால்மத், உலகிலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. தபால் கப்பல்கள் 1600-களின் கடைசியிலிருந்து 1850 வரை இங்கிருந்துதான் தூரதேசங்களுக்குக் கிளம்பின. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968 ஜூனில் இங்கிருந்து தனியாகப் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின் இங்கேயே திரும்பினார். உலகில் அப்படிச் செய்த முதல் மனிதர் அவர். அவர் போன 'சுஹைலி' என்ற கப்பல் எங்கே கட்டியது தெரியுமா? நம் பம்பாயில், தேக்கு மரத்தில்! குளிர் காலத்தில் இந்தக் கழியில் சிப்பி அள்ளும் படகுகள் இன்றைக்கும் எஞ்சின் வைத்துக்கொள்ளக் கூடாது. பாயும் துடுப்பும்தான். அப்படி ஒரு சட்டம்.

படகு நகர்ந்தது. பாய், தலையணை உறைபோல் மரத்தைச் சுற்றி மூடிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சாயும் சாயும் என்று காத்திருந்தேன். சாயவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தபோது கரை வெகு தூரம் போயிருந்தது. அடியில் தண்ணீர் பட்டுத் துணியைக் கிழிப்பதுபோல் சத்தமிட்டது. அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. 'கிறீச்... கிறீச்...' எங்கேயோ கேட்ட சத்தம். யோசித்தேன். தூளிக் கயிற்றின் சத்தம்!

குனிந்து பார்த்தேன். இரண்டு ஓடங்களையும் இணைக்கும் குறுக்கு மரங்களை இரும்பு வைத்து முடுக்கவில்லை. கயிற்றால் கட்டியிருந்தது. பல சுற்றுச் சுற்றி, நடுவில் இறுக்கி முடிந்த கட்டு. பின்னால் சுக்கானுக்கும் இரும்புக் கீல் இல்லை. எட்டுப் போல் பின்னிய கயிறே கீல்.

"இது அவிழ்ந்துவிடாதா?" என்று கேட்டேன்.

"முடுக்கியது முறியும். கட்டியது கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அலை தள்ளும்போது இரண்டு ஓடமும் தனித்தனியே மூச்சு விடட்டுமே" என்றார் அந்த அம்மாள். "ஆனால் புறப்படும் முன் ஒவ்வொரு கட்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். சோம்பேறிக்கு இந்தப் படகு லாயக்கில்லை."

எனக்குச் சட்டென்று நம் ஊர் நினைவு வந்தது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, கப்பலில் வந்த துரைமார்களையும் சீமாட்டிகளையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த சீமைப் படகு சென்னை அலையில் மோதி நொறுங்கும். தைத்த படகு வளைந்து கொடுத்துப் பிழைக்கும். பசிபிக் தீவுகளிலும் தேங்காய் நாரால்தான் கட்டினார்கள். இப்போது நம் கரையில் ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நம் பாட்டன்மார் விட்டு வந்த கட்டும் தையலும், செம்புக் கம்பியாகவும் எபாக்ஸியாகவும் வேஷம் போட்டுக்கொண்டு, கார்ன்வாலில் ஒரு கார்க் கொட்டகைக்குள் என் முன் வந்து நிற்கின்றன!

அந்த அம்மாள் இனிப்பு மட்டும் பேசவில்லை. கசப்பையும் சொன்னார். இரட்டைப் படகு எளிதில் கவிழாது. ஆனால் காற்று மிஞ்சும்போது பாயைக் குறைக்காமல் இருந்து கவிழ்ந்துவிட்டால், தானாக நிமிராது. பசையைக் கையில் பட விட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து ஜன்மத்துக்கும் போகாது. கையுறை அவசியம். படகின் உடல் முடிந்ததும் செலவு முடிந்தது என்று எண்ணக் கூடாது. பாய், மரம், கயிறு, நங்கூரம், நிறுத்தி வைக்கும் வாடகை என்று வரிசையாக வரும். "பாதியில் நின்று, கொல்லையில் மழையில் ஊறும் படகுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றோடு சில குடும்பங்களும் ஊறிப் போயின" என்றார்.

அதைக் கேட்டு அக்கா மகளின் முகம் சற்றே வாடியது. நான் அதைக் கவனித்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், நான் வந்த காரியத்தை முடித்தேன். ஆனால் தயாரித்து வைத்த பிரசங்கம் இல்லை. ஒரு நோட்டுப் புஸ்தகமும் பேனாவும் கேட்டு வாங்கினேன். மூவரும் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். வீட்டுப் பணத்திலிருந்து எடுத்தது எவ்வளவு, இனி வேண்டியது எவ்வளவு? மூன்று விஷயங்கள் முடிவாயின. எடுத்ததை அவளுடைய கூடுதல் டியூட்டிப் பணத்திலிருந்து மாதாமாதம் திருப்பி வைப்பது. அது முடிகிற வரையில் பாய் வாங்குவதில்லை. இருவரும் முறைப்படி கடற்பயிற்சி முடித்து, முதல் வருஷம் கழிமுகத்தைத் தாண்டுவதில்லை. நீச்சல் அவள் முன்பே கற்றுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார், தெப்பக்குளத்தில்கூட இறங்கியதில்லை என்று!

கணக்கை மூடிவிட்டுக் கொட்டகைக்குப் போனோம். இன்னும் ஒரு முழ நீளம் தையல் பாக்கி. "சித்தி, நீங்க போடுங்க" என்று கம்பியைக் கையில் கொடுத்தாள். ஏழு தையல் போட்டேன். ஏழாவதில்தான் கட்டைவிரல் கிழிந்தது.

மறுநாள் காலை, அக்காவின் போன்.

"என்ன, மாப்பிள்ளைக்குப் புத்தி சொன்னாயா?"

"மாப்பிள்ளை மேல் தப்பே இல்லை, அக்கா. கப்பல் நம் பெண்ணுடையது. அவள்தான் தைக்கிறாள்."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். நோட்டுப் புஸ்தகத்துக் கணக்கைச் சொன்னேன். மிதவைச் சட்டையைச் சொன்னேன். நைட் டியூட்டியைப் பற்றியும், அவளிடம் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் சொன்னேன். அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவளுக்கு ஒரு பொத்தான் தைக்கச் சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாடு..." என்றாள் அக்கா கடைசியில். "தையல் நேராக இருக்கிறதா?"

"ஒன்றுகூடக் கோணல் இல்லை, அக்கா."

"ஹூம்" என்றாள். பிறகு, "தண்ணீரில் இறக்குவது எப்போதாம்? ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நினைத்த நேரத்தில் இறக்கிவிடப் போகிறார்கள். நாள் பார்க்க வேண்டாமா? பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன், இரு."